இரண்டு பேர் இருந்த வீட்டில் பதினொரு கோட்

போன மாதம் ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் ஒரு குடிபுகுதலுக்குப் போயிருந்தேன். வீடு விற்பனைத் தொழிலில் இருக்கும் தர்ஷிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனில் ஒரு படம் காட்டினாள். அழகான வரவேற்பறை. சாம்பல் நிறச் சோபா, கண்ணாடி மேசை, மூலையில் ஒரு பூச்சாடி.

“அன்ரி, இதில ஒரு சாமானும் உண்மையில்லை. வெறும் வீடு. எல்லாம் கம்ப்யூட்டரில வைச்சது.”

“அப்ப வாசல்ல கிடக்கிற ஸ்னோவையும் கம்ப்யூட்டர்தான் வழிக்குமோ?”

அவள் சிரித்தாள். “நீங்கள் அந்த நாளையில என்னதான் செய்தனீங்கள் அன்ரி, சொல்லுங்கோ” என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குமுன் யாரோ ரோல்ஸ் கொண்டுவந்தார்கள். தர்ஷிகா எழும்பிப் போனவள் போனவள்தான். வாய்க்குள் நின்ற பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

விற்கப்போகும் வீடுகளை ஆட்கள் வந்து பார்க்கத் தயார்ப்படுத்துவதுதான் என் தொழில். இப்போது அதற்குப் படிப்பு உண்டு, பட்டம் உண்டு. அப்போது பெயர்கூடக் கிடையாது. ஸ்காபரோவில் இருந்த எங்கள் ஆட்கள், “கமலா மற்றவையின்ர வீடு கூட்டுறா” என்றார்கள். என் கணவர் ஊருக்குக் கதைக்கும்போது, “கமலா வீட்டு வியாபாரத்தில நிக்கிறா” என்றார். இரண்டுக்கும் நடுவில் எங்கோ நான் நின்றேன்.

எண்பத்து நான்கில் கனடாவுக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவள், இங்கே முதலில் ஒரு கட்டடத்தில் இரவில் கூட்டினேன். அங்கேதான், இந்த வீட்டு வேலையில் ஏற்கெனவே இருந்த மிஸிஸ் பார்சன்ஸ் என்னைப் பிடித்தார். நான் ஒரு மேசையைத் துடைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “மேசைக்குக் கீழையும் துடைக்கிறாய். நாளைக்கு என்னோடை வா” என்றார். பயிற்சி ஒரு வாரம். முதல் நாள் பனி வழிக்கும் சவலை என் கையில் தந்தார். மிச்ச நாட்களில் நான் வழித்தது எவ்வளவு பிழை என்று சொல்லித் தந்தார்.

மிஸிஸ் பார்சன்ஸ் நியூஃபவுண்ட்லாந்துக்காரி. அது கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் தீவு. அங்குள்ளவர்கள் கதைப்பதும் ஆங்கிலம்தான் என்று மற்றக் கனடியர்கள் சொல்வார்கள், கொஞ்சம் யோசித்துவிட்டு. என் ஆங்கிலம் முழுவதும் அவரிடம் பிடித்தது. பல வருடங்களுக்குப் பிறகும் வங்கியில், ஆஸ்பத்திரியில் யாராவது என்னை ஒருமாதிரிப் பார்த்து, “நீங்கள் தீவில் எந்தப் பக்கம்?” என்று கேட்பதுண்டு. தீவுதான், ஆனால் வேறு தீவு என்று சொல்வேன். அவர் சொன்னதை எல்லாம் இங்கே எங்கள் தமிழில்தான் தரப்போகிறேன். இவ்வளவு காலமாக என் தலைக்குள் அவர் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரி மாதிரித்தான் கதைத்துக்கொண்டிருக்கிறார்.

கட்டையான மனுஷி. யாரோ ஒரு பெரிய ஆம்பிளையின் கோட் போட்டிருப்பார். அதன் பைகள் நிறைய நூறு வாட் பல்புகள். நடந்தால் கிணுகிணு என்று கேட்கும். பனிக்காலத்தில் மாலை நான்கரைக்கே இருட்டிவிடும் என்பதால், எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக மங்கல் பல்புகளைக் கழற்றி இவற்றைப் பூட்டுவார். வேலைக்குப் போன வீட்டில் உட்காரமாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் நின்றபடியே குடிப்பார். கேள்வி கேட்பதும் குறைவு. பார்ப்பார், பார்த்துவிட்டு “ம்” என்பார். அந்த “ம்”மில் நாலைந்து வகை உண்டு. அவற்றைப் பிரித்தறிய எனக்கு இரண்டு பனிக்காலம் தேவைப்பட்டது.

“வெய்யில் காலத்திலை வீடு தானே தன்னை வித்துப்போடும். பனிக்காலத்திலை நாங்கள் அதைத் தூக்கி நிமித்திப் பிடிக்கவேணும்” என்பார். எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடைபாதையில் ஒரு ஆள் போகும் அளவுக்கு வழித்தால் போதாது. விளிம்பிலிருந்து விளிம்புவரை சீமெந்து தெரியவேண்டும். உப்புப் போட்டு, அது பனியைத் தின்று முடித்ததும் அந்த உப்பையும் கூட்டி அள்ளவேண்டும். இல்லாவிட்டால் சப்பாத்துகளோடு உள்ளே வந்து கார்ப்பெற்றில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கூரை விளிம்பில் ஈட்டி மாதிரித் தொங்கும் பனிக்கட்டிகளைத் தும்புத்தடியால் தட்டி விழுத்தவேண்டும். பார்க்க வடிவுதான். ஆனால் விஷயம் தெரிந்தவனுக்கு, இந்த வீட்டுச் சூடு கூரையால் போகிறது என்று அவை கோள் சொல்லிவிடும். வாசலுக்குள் ஒரு கதிரை கட்டாயம். “ஒற்றைக் காலிலை நிண்டு பூட்ஸ் கழட்டினவன் வீடு வாங்கமாட்டான்” என்பது மிஸிஸ் பார்சன்ஸின் வேதம்.

பார்க்க வருபவர்கள் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஹீற்றைக் கூட்டவேண்டும். அவர்களுடைய கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் குறைக்கவேண்டும். வீடு சூடாக இருக்கும், கீழே சூட்டை ஊதும் ஃபேர்னஸ் மெஷின் இரைவது கேட்காது. “என்ன அமைதியான வீடு!” என்று அவர்கள் சொல்லும்போது முகத்தை மாற்றாமல் நிற்கவும் பழகினேன்.

பின்வளவு பனிக்குள் புதைந்து கிடக்கும் என்பதால், கோடையில் எடுத்த தோட்டத்துப் படம் ஒன்றைக் குசினி மேசையில் வைப்போம். ஒரு வீட்டுக்காரரிடம் அப்படிப் படமே இல்லை. பக்கத்து வீட்டுத் தோட்டத்தின் படத்தை வாங்கி வைத்தால் என்ன என்று கேட்டேன். மிஸிஸ் பார்சன்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் கோட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். “பொய் சொல்லக்கூடாது கமலா. உண்மையைக் குளிப்பாட்டி, தலை இழுத்து, நல்ல உடுப்புப் போட்டு விடலாம். அவ்வளவுதான்.”

கடைசி வேலை, எல்லா ஜன்னலையும் திறந்து சமையல் மணத்தை வெளியேற்றுவது. எங்கள் ஆட்கள் வீடு விற்கத் தொடங்கிய காலத்தில் இதற்குத்தான் பெரிய சண்டை. “நாங்கள் காசு குடுத்துக் குளிரைக் கலைக்கிறம், உவ கூப்பிட்டு உள்ளுக்கு விடுறா” என்று ஒரு அம்மா ஜன்னல் பிடியை விடாமல் நின்றார்.

எண்பத்தேழு தை மாதம் ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கம் ஒரு வீடு வந்தது. வீட்டுக்காரர் தேவராசா அண்ணை, மட்டக்களப்பு ஆள். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு வெகு முன்னரே வந்து, ஒரு கம்பனியில் வரைபடம் கீறும் வேலையில் இருந்தார். கம்பனி நாட்டின் மேற்கே கல்கரிக்கு மாறுகிறது. சித்திரைக்குள் அவரும் போயாகவேண்டும். “நானும் மனிசியும் மட்டும்தான் இருக்கிறம்” என்று வீடு விற்கும் ஏஜென்ற்றிடம் சொல்லியிருந்தார். மனைவி பெயர் புவனம். நல்ல கலகலப்பான அக்கா. ஆனால் நாங்கள் போன அன்று ஏனோ வாயைத் திறக்கவில்லை.

வீடு பளிச்சென்று இருந்தது. தேவராசா அண்ணை எங்களுக்கு முன்னால் ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்து காட்டினார். மிஸிஸ் பார்சன்ஸ் ஒரு ஜன்னல் முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியின் உட்பக்கம், கீழ் விளிம்பில், பெருவிரல் தடிப்புக்கு ஐஸ் பிடித்திருந்தது. சமைக்கும் ஆவி, குளிக்கும் ஆவி, ஆட்கள் விடும் மூச்சு எல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து உறைவதுதான் அது.

“ரெண்டு பேர் மூச்சு விட்டு இவ்வளவு வராது கமலா” என்றார் மெதுவாக.

பிறகு வாசல் அலுமாரியைத் திறந்தார். ஒரு கோட் சரிந்து அவர் தோளில் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. உள்ளே நெருக்கிப்பிடித்துப் பதினொரு கோட்.

“பழைய கோட்டுகள்” என்றார் தேவராசா அண்ணை, முகட்டைப் பார்த்துக்கொண்டு.

அதில் ஒன்றிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

மிஸிஸ் பார்சன்ஸ் என்னைப் பார்த்தார். “வெளியிலை உறையுது. கோட்டெல்லாம் இஞ்சை கிடக்கு. அப்ப ஆக்கள் எங்கை?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நிலத்துக்குக் கீழிருக்கும் பேஸ்மென்ற்றுக்குப் படியில் இறங்கினார். தேவராசா அண்ணை பின்னால் ஓடினார். “ஃபேர்னஸ் அறையிலை ஒண்டுமில்லை மேடம், குப்பை” என்று அவர் சொல்லி முடிக்க முதலே கதவு திறந்துவிட்டது.

உள்ளே, வேலை முடிகிற நேரத்துப் பஸ் மாதிரி, ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள். தேவராசா அண்ணையின் தங்கை குடும்பம், புவனம் அக்காவின் தம்பிமார், ஊர்ப் பொடியன்கள். கவிழ்த்து வைத்த பெயின்ற் வாளியில் ஒரு முதியவர். அவர் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு இளம் பெண். ஒருவரும் மூச்சு விடவில்லை. குழந்தை மட்டும் நிம்மதியாக நித்திரை. முன்னால் நின்ற பொடியன் ஒருவன் தலையைக் குனிந்து, “குட் ஆப்டர்நூன், மேடம்” என்றான்.

“குட் ஆப்டர்நூன்” என்றார் மிஸிஸ் பார்சன்ஸ். பிறகு என்னிடம் திரும்பி, “கமலா, தண்ணி கொதிக்க வை. பெரிய பானையிலை” என்றார்.

குசினியில் தேவராசா அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “எயார்போட்டுக்கு ஒராளைக் கூப்பிடப் போவன். வரேக்கை மூண்டு பேராகிடும். அதுகள் எங்க போறது?”

புவனம் அக்காவுக்கு இப்போது வாய் திறந்துவிட்டது. “இவருக்கு ஒராளின்ட முகத்தைப் பார்த்து இல்லை எண்டு சொல்ல வராது கா. வீடு விக்கிறதையே அதுகளுக்குப் போன கிழமைதான் சொன்னவர். சொல்லிப்போட்டு ரெண்டு நாள் சாப்பிடல்ல.”

நான் மொழிபெயர்த்தேன். மிஸிஸ் பார்சன்ஸ் நின்றபடி தேத்தண்ணி குடித்து முடித்தார். “பனிக்காலத்திலை வீடு பாக்க வாற ஆம்பிளை முதல்லை திறக்கிறது ஃபேர்னஸ் அறையைத்தான். அதுக்குள்ளை ஆக்கள் நிண்டா அவன் பயந்துபோவான். வேறை இடம் பாப்பம்” என்றார்.

அப்படியே ஒழுங்கு செய்தோம். யாராவது பார்க்க வரும்போதெல்லாம் மெத்தைகளைச் சுருட்டி ஒளிப்போம். நடக்கக்கூடியவர்கள் பஸ் ஏறிக் கடைகள் நிறைந்த மோலுக்குப் போய்ச் சூட்டுக்குள் சுற்றுவார்கள். ஒன்றும் வாங்காமல் சுற்றும் இவர்களைச் சந்தேகமாகப் பார்த்த காவலாளி, மூன்றாம் கிழமை கைகாட்டிச் சுகம் விசாரிக்கத் தொடங்கிவிட்டாராம். குழந்தையோடு இருந்த வசந்தியையும், அவளுடைய மாமனாரான சின்னையா என்ற அந்த முதியவரையும் மிஸிஸ் பார்சன்ஸ் தன் நீளக் காரில் ஏற்றித் தெருக்கோடியில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருப்பார். சின்னையாவுக்கு ஒரு சொல் ஆங்கிலம் தெரியாது. மிஸிஸ் பார்சன்ஸ் எதைச் சொன்னாலும் “ஓம், ஓம்” என்பார். “ரொறன்ரோவிலை நான் சொல்லுறதை விளங்கிக்கொள்ளுற ஒரே ஆம்பிளை” என்று மிஸிஸ் பார்சன்ஸ் அவரை மெச்சினார்.

வசந்தி எனக்கு ஜன்னல் ஐஸ் சுரண்ட உதவிக்கு வருவாள். அதிகம் கதைக்காத பிள்ளை. ஒருநாள் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, வீடு வித்துப்போட்டா அவர் வந்து ஆரின்ர கதவைத் தட்டுவார்?”

அவளுடைய கணவர் குகன் அவளையும் தகப்பனையும் முதலில் அனுப்பிவிட்டு, தான் வரும் வழியில் ஏதோ ஒரு நாட்டில் நின்றுபோயிருந்தார். பல மாதமாகச் சத்தம் இல்லை. குழந்தை இங்கே வந்துதான் பிறந்தது.

“கடைசியா போனிலை கதைக்கேக்கை, கையிலை கடுதாசி ஒண்டும் வைச்சிருக்கக் கூடாதாம், எல்லாம் மனசிலதானாம் எண்டு சொன்னவர். இந்த வீட்டு விலாசத்தைப் பாடமாக்கி எனக்கு ஒப்புவிச்சுக் காட்டினவர் அக்கா. ஒரு பிழையும் இல்லை.”

நான் சுரண்டி முடித்த கண்ணாடியையே திரும்பச் சுரண்டினேன். காரில் வரும்போது மிஸிஸ் பார்சன்ஸிடம் சொன்னேன்.

“அது எங்கட வேலை இல்லை” என்றார். திரும்பவேண்டிய சந்தியில் திரும்பாமல் நேரே போய், வெகுதூரம் கழித்துத்தான் அதைக் கவனித்தார்.

மாசி பிறந்தும் வீடு விற்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும், நல்ல வீடு, சின்ன வீடு என்றார்கள். தேவராசா அண்ணை சவரம் செய்வதைக் குறைத்துவிட்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, காற்று பனியைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு போர்த்துக்கீசத் தம்பதி வந்தார்கள். மனுவல் கல் வைக்கும் மேசன். கீழே போய் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டிருந்தார். மனைவி லூர்து, நல்ல உயரமான மனுஷி, குசினியில் நின்று அளந்தார். நாலு பிள்ளைகள், அவருடைய தாய், இவர்கள் இருவர், ஆக ஏழு பேர். “சின்னன், சின்னன்” என்று தலையை ஆட்டினார். ஏஜென்ற் தோட்டத்துப் படத்தை அவர் பக்கம் தள்ளினார்.

அப்போது முன்கதவு திறந்தது. மிஸிஸ் பார்சன்ஸ், புருவமெல்லாம் பனி. ஒரு கையில் சின்னையாவைப் பிடித்திருந்தார். பின்னால் போர்வைக்குள் குழந்தையை இறுக்கியபடி வசந்தி. வீடு வாங்க வருபவர்கள் கண்ணில் மிஸிஸ் பார்சன்ஸ் அதுவரை ஒருநாளும் பட்டதில்லை.

“கார் நிண்டுபோச்சு. பிள்ளைக்குக் குளிருது” என்றார். “இவையள் இந்த வீட்டு ஆக்கள்.”

லூர்து ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கி, தன் சுவெற்றருக்குள் செருகிக்கொண்டு, அதன் பாதங்களைத் தேய்க்கத் தொடங்கினார். கீழேயிருந்து மனுவல் ஏறி வந்தார்.

“இந்த வீட்டிலை எத்தினை பேர் இருக்கினம்?”

ஏஜென்ற் என்னை முறைத்தார். அந்தக் கண்கள், ‘இரண்டு பேர்’ என்று சொல்லச் சொல்லின. மிஸிஸ் பார்சன்ஸ் சின்னையாவின் மப்ளரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“பதின்மூண்டு” என்றேன்.

“பதின்மூண்டோ! சுடுதண்ணி காணுமோ?”

“காணும். எல்லாரும் விடியத்தான் குளிக்கிறவை, எண்டாலும் முடியிறேல்லை.”

மனுவல் மனைவியிடம் தங்கள் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். பதின்மூன்று பேர் இருந்து நாறாத வீடு உனக்கு ஏழு பேருக்குச் சின்னதோ என்று கேட்டாராம். லூர்து பிறகு சொன்னார். ஆனால் அந்த நேரம் லூர்து அவரைக் கவனிக்கவில்லை. வசந்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“இந்தப் பிள்ளை ஏன் அழுகுது?”

குளிர் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நான் குகனைப் பற்றிச் சொன்னேன். பாடமாக்கிய விலாசத்தைப் பற்றியும் சொன்னேன். லூர்து குழந்தையின் பெயரைக் கேட்டார். துளசி என்றாள் வசந்தி. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மோலிலிருந்து வந்து விஷயம் கேட்ட புவனம் அக்கா மட்டும் உற்சாகமாக, “லூர்தோ? எங்கட பக்கத்து வீட்டு ரீச்சருக்கும் அதுதான் பேர் கா. வாங்குவாங்க!” என்றார்.

அடுத்த கிழமை எல்லாரும் அந்தக் குசினி மேசையைச் சுற்றி இருந்தோம். விலை சரிவந்துவிட்டது. வீட்டோடு சேர்த்துக் கொடுக்கும் சாமான்களை ஏஜென்ற் வாசித்தார். அடுப்பு, ஃபிரிட்ஜ், உடுப்புத் தோய்க்கும் மெஷின், ஜன்னல் சீலைகள். மனுவல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“கீழை இருக்கிற பெட்டையும் பிள்ளையும் கிழவரும்?” என்றார் லூர்து.

“அவையள் போயிடுவினம். வெறும் வீடாத்தான் கையிலை தருவம்” என்றார் ஏஜென்ற் அவசரமாக.

“ஏன்? பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடத்தான் போறம். முகம் தெரியாத ஆக்களுக்கு ஏன் விடுவான்? அவை இருக்கட்டும்.”

ஏஜென்ற் பேனையோடு தடுமாறினார். “இதை நான் எங்கை எழுதுறது?”

“ஃபிரிட்ஜுக்குக் கீழை இடம் கிடக்கு” என்றார் மிஸிஸ் பார்சன்ஸ்.

தேவராசா அண்ணை சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு எந்த இடத்தில் மற்றதாக மாறியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எழும்பிப் போய், ஃபிரிட்ஜைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதையோ தேடினார். புவனம் அக்கா கதவைத் திறந்தபடிக்கு விட்டார்.

பார்க்க வந்த மறுநாளே மிஸிஸ் பார்சன்ஸ் தங்கள் அப்பார்ட்மென்ற்றுக்கு வந்து போனதாக லூர்து எனக்குப் பிறகு சொன்னார். “என்ன கதைச்சவ?” என்று ஆவலாகக் கேட்டேன்.

“அவ கதைச்சதிலை எனக்கு அரைவாசி விளங்கேல்லை. ஆனா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து தேத்தண்ணி குடிச்சவ” என்றார்.

மற்றவர்கள் சித்திரைக்கிடையில் ஸ்காபரோவின் மாடிக் கட்டடங்களில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து இடம் எடுத்தார்கள். தேவராசா அண்ணையும் புவனம் அக்காவும் கல்கரிக்குப் போனார்கள். அங்கேயும் அவர் எயார்போட்டுக்குப் போய்வரத் தொடங்கிவிட்டார் என்று கேள்வி. நானும் மிஸிஸ் பார்சன்ஸும் அடுத்தடுத்த வீடுகளுக்குப் போனோம். துளசி மேலே லூர்துவின் நாலு பிள்ளைகளோடு ஐந்தாவதாக வளர்ந்தாள்.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு பின்னேரம் அந்த வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். லூர்து துளசியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்த் திறந்தார். ஒரு மெலிந்த மனிதர், கையில் சின்னப் பை.

“தேவராசா?” என்று கேட்டார்.

“கல்கரி” என்றார் லூர்து.

அந்தச் சொல் வந்தவருக்கு விளங்கவில்லை. இல்லை என்பதற்கு இந்த நாட்டில் அப்படித்தான் சொல்வார்களாக்கும் என்று நினைத்தாராம். வாசல் இலக்கத்தை ஒருமுறை பார்த்தார். வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தார். அவர் இடுப்பில் இருந்த குழந்தையையும் பார்த்தார். அது யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? “சொரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படியிறங்கத் தொடங்கினார்.

லூர்து கதவைச் சாத்தப் போனவர், அந்த மனிதரின் பின்தலையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் காதுகள், பறக்க ஆயத்தமாக, விரிந்து நின்றன. குனிந்து தன் இடுப்பில் இருந்ததன் காதுகளைப் பார்த்தார். பிறகு “வசந்தீ!” என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கூட வெளியே வந்துவிட்டாராம்.

அந்தக் குளிரில் தொப்பி இல்லாமல் வந்து இறங்கியதற்காக வசந்தி குகனை இன்றைக்கும் ஏசுகிறாள். லூர்து மட்டும் ஏசுவதில்லை.